அந்த டுவென்டி டூவைத் தேர்ந்தெடுத்தது நான்

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். கோயம்புத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேல் நின்றவன். தங்கை போட்ட ஸ்பான்சர் மனு நகர்ந்து நகர்ந்து வந்து சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. மனைவியையும் பள்ளிக்கூடம் போகும் மகளையும் கூட்டிக்கொண்டு டெக்சாஸில் இறங்கியபோது என்னிடம் இருந்த ஆங்கிலம் நான்கே சொல்: யெஸ், நோ, தேங்க்யூ, ப்ராப்ளம். அந்த நான்கை வைத்துக்கொண்டு நான் என்னென்ன கட்டினேன் என்று கேளுங்கள்.

ஹூஸ்டனுக்கு மேற்கே இட்லி மாவை டப்பாவில் அடைத்துக் கடைக்குப் போட்டதில் நான்தான் முதல் ஆள். கோவையிலிருந்து மரப்பெட்டியில் வந்த கிரைண்டர் மோட்டாருக்கு இந்த ஊர்க் கரண்ட் ஒத்துவரவில்லை. பிரித்துப் போட்டு நானே காயில் சுற்றினேன். ஓடியது, ஆனால் வேகம் கூடுதல். மாவு சூடாகிப் புளிக்க மறுத்தது. மோட்டார் புல்லியைச் சிறிதாகக் கடைந்து மாட்டினேன், சரியாகிவிட்டது. எம்.எஸ். படித்த நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்கள். ஒருத்தருக்கும் என்ன செய்தேன் என்று விளங்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாவுக்கூடம் கட்டினேன். குளிர் அறைக்கு நானே கதவு செய்தேன். கோயில் மணியைத் தாங்குகிற இரும்புச் சட்டம் என் வெல்டிங். மகளை பார்மசி படிக்க வைத்தேன். இந்த ஊர் வெயிலில் நின்று என் வீட்டுப் பின்கட்டு ஷெட்டை எழுப்பினேன்.

கடைசியாக ஒன்று. சனிக்கிழமை பொழுதுபோக்குக்குச் சுடுவதற்கு ஒரு டுவென்டி டூ கைத்துப்பாக்கி. அதை நான் செய்யவில்லை, தேர்ந்தெடுத்தேன். சிரிக்காதீர்கள், தேர்ந்தெடுப்பதும் வேலைதான். மற்றதையெல்லாம் நான் செய்தேன் என்று ஊரே ஒப்புக்கொள்கிறது. இதை மட்டும் என் குடும்பத்துக்குள் இருப்பவரே தன் பெயரில் எழுதிக்கொண்டார். தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு என் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னவர்கள் மாவுக் கதையைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். மாவுக் கதையில் எனக்கு யாரோடும் வழக்கு இல்லை. வழக்கு இதில்தான்.

மாவுக்கூடத்துக்கு இரண்டு கட்டடம் தள்ளி ஒரு ஷூட்டிங் ரேஞ்ச் இருக்கிறது. எங்கள் குளிர் அறையைப் பழுது பார்க்க வரும் மெக்கானிக் ஒரு வெள்ளைக்காரர், ஆறடி உயரம், என்னை ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவார். ஒரு சனிக்கிழமை ஏதோ பாகம் வந்து சேரத் தாமதமானது. சும்மா நிற்பானேன் என்று என்னை அங்கே அழைத்துப் போனார். காதில் கவசம் மாட்டிக்கொண்டால் உள்ளே பேச்சே கிடையாது. ஆங்கிலம் தெரிந்தவனும் தெரியாதவனும் அங்கே ஒன்று. இந்த நாட்டில் எனக்கு அப்படி ஓர் இடம் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

டுவென்டி டூ என்பது இருக்கிறதிலேயே சின்னத் தோட்டா. பெரிய தோட்டாக்களில் அடிப்பக்கத்தின் நடுவில் மருந்துப் பொட்டு இருக்கும். இதில் அடிவிளிம்பைச் சுற்றி உள்ளே மருந்து. துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பில் வந்து அடிக்க வேண்டும். அதனால் ரிம்ஃபயர் என்கிறார்கள். உதைக்காது, சத்தம் குறைவு, தோட்டா மலிவு. காகிதத்தில் ஓட்டை போடவும் தகட்டை அடித்து டங் என்று கேட்கவும் இது போதும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ரேஞ்சில் துப்பாக்கி வாடகைக்குக் கிடைக்கும். ஒரு வாரம் ஒன்று என்று அங்கே இருந்த டுவென்டி டூக்கள் அத்தனையையும் எடுத்துச் சுட்டுப் பார்த்தேன். புத்தகம் படிக்கவில்லை, வீடியோ பார்க்கவில்லை. கை சொன்னதைக் கேட்டேன். இலேசான துப்பாக்கி கடையில் தூக்கிப் பார்க்கும்போது சுகமாக இருக்கும். சுடும்போது முனை அலையும். கனமானது கையில் உட்கார்ந்துவிடும். பிளாஸ்டிக் உடம்பு கொண்டவை சில, தோட்டா விஷயத்தில் வாய் ருசி பார்க்கும். ஒரு கம்பெனித் தோட்டாவைத் தின்னும், இன்னொன்றைத் துப்பும், நடுவில் சிக்கிக்கொண்டு நிற்கும். ரிம்ஃபயரில் கரி அதிகம். எளிதாகத் திறந்து துடைக்க முடியாவிட்டால் அதை வாங்கவே கூடாது.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். காலித் துப்பாக்கியில் விசையை இழுத்து விளையாடினால், சிலவற்றில் ஊசி, தோட்டா உட்காரும் பின்பக்கக் குழல்வாயின் விளிம்பிலேயே போய் அடிக்கும். அடிக்க அடிக்க அங்கே பள்ளம் விழுந்து பிசிறு எழும்பும். கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தெரியும். லேத்தில் பிசிறு பார்க்க நகத்தைத்தான் ஓட்டுவோம். கிரைண்டர் கல்லுக்கும் அதே நகம்தான். காலி என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, குழல்வாயில் நகத்தை ஓட்டினால் அந்தத் துப்பாக்கியை இதுவரை வைத்திருந்தவன் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இது என் நகம்.

மாப்பிள்ளை சென்னைக்காரர். படிக்க வந்து இங்கேயே வேலையில் அமர்ந்தவர். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவருக்குச் சீர் செய்வேன். மோதிரம் போட்டேன், வாட்ச் போட்டேன், ஒரு வருஷம் பின்கட்டில் கறி சுடுகிற பெரிய அடுப்பு. அந்த வருஷம் மகள் போன் பண்ணினாள்.

“அப்பா, அவருக்கு ஒரு பிஸ்டல் வேணுமாம். ஜஸ்ட் ரெக்ரியேஷனுக்கு. சாட்டர்டே உங்க கூட ரேஞ்சுக்கு வரலாம்னு பாக்கறார்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர் என்னோடு சேர்ந்து செய்ய ஆசைப்பட்ட முதல் காரியம் அது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மாமனார் மாப்பிள்ளைக்கு நேரடியாக யோசனை சொல்வதில்லை. மாமனார் மாமியாரிடம் சொல்வார். மாமியார் மகளிடம் சொல்வாள். மகள் சமயம் பார்த்து அவர் காதில் போடுவாள். பதிலும் அதே வழியில் திரும்பி வரும். அமெரிக்கா வந்தும் நாங்கள் அதை விடவில்லை. நான் மனைவியிடம் சொன்னேன்:

“அம்மிணி, ஸ்டீல்ல கனமா இருக்கறதாப் பாக்கச் சொல்லு. பிளாஸ்டிக் வேண்டாம், எல்லாத் தோட்டாவும் திங்காது. நான் ஒண்ணு பாத்து வெச்சிருக்கறேன்னு சொல்லு.”

இரண்டு நாள் கழித்து மகளிடமிருந்து பதில் வந்தது. “அவர் ஏற்கெனவே ரிசர்ச் பண்ணிட்டாராம்பா. ஸ்ப்ரெட்ஷீட் எல்லாம் போட்டிருக்கார்.”

சரி, படித்தவர்கள் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

ரேஞ்சை ஒட்டியே கடை. கவுன்ட்டரில் நிற்கும் தாடிக்காரருக்கு என்னை நன்றாகத் தெரியும், அவருக்கும் நான் ‘பாஸ்’தான். நானும் மகளும் மாப்பிள்ளையும் உள்ளே போனதும், மாப்பிள்ளை கண்ணாடிக்குள் ஓர் இலேசான பிளாஸ்டிக் மாடலைக் காட்டினார். பளபளப்பு, குழலுக்குக் கீழே விளக்கு மாட்ட இடம், முனையில் வேறு பாகம் மாட்டத் திருகு மரை. தாடிக்காரர் அதை எடுத்து வைத்தார். கூடவே நான் பார்த்து வைத்திருந்த ஸ்டீல் மாடலையும் எடுத்துப் பக்கத்தில் வைத்து, முதல் துப்பாக்கி என்றால் இதையும் தூக்கிப் பாருங்கள் என்றார்.

மாப்பிள்ளை அதைத் தொடக்கூட இல்லை. “மாமா, இது உங்க லேத் மெஷின் மாதிரி இருக்கு பாருங்க. செம ஓல்டு டிசைன்!” என்று சிரித்தார். மகளும் சிரித்தாள்.

தாடிக்காரர் என்னைப் பார்த்தார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் பாஸ் என்று கேட்டார். அந்த நேரத்தில் என் விரல் ஸ்டீல் துப்பாக்கியின் மேல்தான் இருந்தது. ஆனால் வேற்று மனிதர் முன்னால் மாப்பிள்ளை பேச்சை மறுத்துப் பேசுகிற வழக்கம் என் வம்சத்தில் கிடையாது. விரலை எடுத்துவிட்டு என் ஆங்கிலத்தில் சொன்னேன்: “ஹி லைக். ஐ பை.”

பரிசாகக் கொடுப்பதால் வாங்குகிறவன் நான். அரசாங்கப் படிவத்தை மெதுவாக வாசித்து நிரப்பினேன். எவ்வளவு தேடினாலும் அந்தக் காகிதத்தில் என் பெயரும் அந்தப் பிளாஸ்டிக் துப்பாக்கியும்தான் இருக்கும். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே தப்பு அந்தக் கையெழுத்துதான்.

அடுத்த சனிக்கிழமை மாப்பிள்ளை தன் நண்பர்கள் இருவரை அழைத்து வந்திருந்தார். மூன்றாவது தோட்டாவிலேயே சிக்கியது. எடுத்துவிட்டுச் சுட்டார், மறுபடி சிக்கியது. தோட்டாப் பெட்டியை மாற்றினார், அதுவும் அப்படியே. என்னவென்று கேட்கத் துப்பாக்கியோடு பின்னால் திரும்பப் போனவரை ரேஞ்ச் அதிகாரி ஒரே அதட்டில் நிறுத்தினார். முகம் சிவந்துவிட்டது அவருக்கு. நண்பர் ஒருவர் “என்னடா மச்சான் இப்படி ஒரு பீஸ வாங்கிருக்க?” என்றார்.

“நான் எங்கடா வாங்கினேன்? மாமனார் கிஃப்ட். குறை சொல்ல முடியுமா?”

எல்லோரும் காதில் கவசம் போட்டிருந்ததால் எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பார். நான் போட்டிருந்தது எலக்ட்ரானிக் கவசம். வெடிச் சத்தத்தை அடக்கும், பேச்சைப் பெரிதாக்கிக் கொடுக்கும். எனக்குக் காது மந்தமாகிறது என்று என் மகளே வாங்கித் தந்தது. ஒவ்வொரு சொல்லும் துல்லியமாகக் கேட்டது. அவமானத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார், போகட்டும் என்று அன்றைக்கு விட்டேன்.

அந்த மாதமே என் மனைவியைக் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். அவளைக் கூட்டிப் போனதற்குக் காரணம் உண்டு. ஊறிய அரிசி வாளியைப் பன்னிரண்டு வருஷம் தூக்கி அவள் மணிக்கட்டு தேய்ந்துபோயிருக்கிறது. துப்பாக்கியின் மேல்பாகத்தை அவள் கையால் பின்னால் இழுக்க முடிந்தால் எந்த விருந்தாளியும் இழுக்கலாம். சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கவுன்ட்டரில் நின்றவளைக் கடையே திரும்பிப் பார்த்தது.

“ஏனுங்க, இதென்னங்க கொழவிக்கல்லாட்டம் கனக்குது?”

“அந்தக் கனந்தான் அம்மிணி வேணும். பின்னாடி இழு.”

இழுத்தாள். “அட, மாவு டப்பா மூடியே இதைவிடக் கெட்டியா இருக்குமுங்க.”

தாடிக்காரர் பழைய டுவென்டி டூ ஒன்றையும் குறைந்த விலைக்குக் காட்டினார். காலி என்று அவர் ஒரு தடவை, நான் ஒரு தடவை பார்த்தோம். நகத்தை ஓட்டினேன். இடறியது. “ப்ராப்ளம்” என்றேன். அவர் நம்பவில்லை. விளக்கடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு அந்தத் துப்பாக்கியை விற்பனைக் கண்ணாடியிலிருந்தே எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்குப் பிறகு புதிதாக ஒரு ஸ்டீல் துப்பாக்கி வாங்கினேன். ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டாக மடிந்து திறக்கும். எந்தத் தோட்டா போட்டாலும் தின்றது.

மாப்பிள்ளை அதைச் சுட்டுப் பார்த்த அன்று தகடுகள் வரிசையாக டங் டங் என்று விழுந்தன. “மாமா, இது வேற லெவல்” என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நகத்தை ஓட்டிக் காட்டினேன். எதற்கு ஓட்டுகிறேன், கனம் எதற்கு, பிளாஸ்டிக் ஏன் சிக்குகிறது என்று அவரே கேட்டார், எல்லாம் சொன்னேன். கிளம்பும்போது, “இதை நான் கொஞ்ச நாள் வச்சுக்கட்டுமா மாமா? நீங்க அந்த லைட் வெயிட்ட வச்சுக்குங்க, உங்க ரிஸ்ட்டுக்கு ஈசியா இருக்கும்” என்றார்.

“எடுத்துக்கங்க மாப்பிள்ளை” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

கலிபோர்னியாவில் பிளசன்டனில் மூத்த மகனோடு இருக்கும் சம்பந்தி ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் பண்ணுவார். ஒரு ஞாயிறு எடுத்ததுமே சிரிப்பு.

“சம்பந்தி! நம்ம பையன் வீடியோ பாத்தேளா? உங்களப் பத்தியும் சொல்றான். சிரிச்சு சிரிச்சு எனக்கு வயித்து வலியே வந்துடுத்து போங்கோ.”

“என்ன வீடியோங்க?”

“பொழுதுபோக்குக்கு மொத பிஸ்டல் எப்படி செலக்ட் பண்றதுன்னு. தமிழ்ல இதுவரைக்கும் யாரும் பண்ணலையாம். என்னமா எக்ஸ்ப்ளைன் பண்றான்! அவனுக்குச் சின்ன வயசுலேருந்தே மெக்கானிக்கல் மூளை சம்பந்தி.”

போனை வைத்துவிட்டு நானும் மனைவியும் பார்த்தோம். என் மகள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. மேலே என் ஸ்டீல் துப்பாக்கி. பின்னால் மாப்பிள்ளை, இஸ்திரி போட்ட சட்டையில்.

“ஃப்ரெண்ட்ஸ், லைட்டா இருந்தா நல்லதுன்னு எல்லாரும் நினைப்பீங்க. நான் பல மாடல் டெஸ்ட் பண்ணி ஃபைண்ட் அவுட் பண்ணது, கனமா இருக்கறதுதான் கையில உக்காரும்.” என் வார்த்தை. “பிளாஸ்டிக் பாடி சிலது தோட்டாவுக்கு டேஸ்ட் பாக்கும்.” அதுவும் என் வார்த்தை. பிறகு குழல்வாயில் நகத்தை ஓட்டிக் காட்டினார். “இத எந்த வெப்சைட்லயும் பாக்க முடியாது. இது என்னோட ஓன் டிப். நெயில் டெஸ்ட்னு நான் பேர் வச்சிருக்கேன்.” லேத் பக்கம் தலை வைத்துப் படுத்திராத அந்த நகம் வெள்ளையாகச் சுத்தமாக இருந்தது.

அதோடு விட்டிருந்தாலும் நான் பேசாமல் இருந்திருப்பேன். அடுத்தாற்போலப் பிளாஸ்டிக் துப்பாக்கியின் படத்தைத் தூக்கிக் காட்டினார். “இது என் மாமனார் தீபாவளிக்கு வாங்கிக் குடுத்தது. நான் கடையில ஸ்டீலத்தான் காட்டினேன். அவர் கேக்கவே இல்ல. பாவம், அவர் மாவு பிசினஸ். இட்லியோ பிஸ்டலோ, பஞ்சு மாதிரி இருந்தா போதும் அவருக்கு!”

கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அவள் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து கேட்டவன். நிறுத்தி, பின்னால் ஓட்டி, இன்னொரு தடவை கேட்டேன். அவள்தான்.

மனைவி என் கையிலிருந்து போனை வாங்கி மேஜைமேல் குப்புற வைத்தாள். “விடுங்க. மாப்பிள்ளைகிட்டப் போயி இதைக் கேக்க முடியுமுங்களா?”

முடியாதுதான். பழைய வழியிலேயே ஆளனுப்பினேன். மனைவி மகளிடம் பேசினாள். நாலு நாள் கழித்து அதே வழியில் பதில் வந்தது: அவர் காமெடிக்குச் சொன்னார், அப்பாவுக்கு அது பிடிக்கும் என்று நினைத்தார். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. மகளை நானே கூப்பிட்டேன்.

“அப்பா, இட்ஸ் ஜஸ்ட் எ ஜோக். கமெண்ட்ஸ் போய்ப் பாருங்க, ‘மாமனார் சோ க்யூட்’னு எல்லாரும் போட்டிருக்காங்க.”

“ஜோக்கு கெடக்கட்டும் கண்ணு. ஸ்டீலு வாங்கச் சொல்லி உங்கம்மாகிட்டச் சொல்லிவிட்டது யாரு?”

“நீங்கதான்.”

“நீ அவருகிட்டச் சொன்ன. அவரு கேக்கல. அப்பறம் வீடியோல தலைகீழாச் சொல்றாரு. நீ கேமராவப் புடிச்சிட்டுச் சிரிக்கற.”

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“அப்பா, நான் அவர்கிட்ட அதைச் சொல்லவே இல்லை.”

“என்ன?”

“சொன்னா, உங்கப்பாவுக்கு என்ன தெரியும்னு ஒரு வார்த்தை வரும். அது எனக்குப் பிடிக்காது. அதான் ரிசர்ச் பண்ணிட்டார்னு நானே சொல்லிட்டேன். சண்டை வேண்டாம்னுதான்பா.”

போனை வைத்துவிட்டு ஷெட்டில் போய் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை பொய் சொன்னதைவிட இது ஆழமாக இறங்கியது. ஆறு வருஷமாக நான் மனைவியிடம் சொல்லி அனுப்பியதெல்லாம் அவர் காதுக்குப் போகிறது என்று நம்பி உட்கார்ந்திருந்திருக்கிறேன். வீடு வாங்கும்போது அஸ்திவாரத்தில் விரிசல் பார்க்கச் சொன்னேன். கார் எஞ்சின் சத்தம் சரியில்லை என்றேன். எத்தனை போய்ச் சேர்ந்தன? அவர் கேட்டு மறுத்தார் என்று நினைத்து நான் மனதில் வைத்திருந்ததெல்லாம் பாதி வழியில் என் மகள் கையிலேயே நின்றுபோயிருக்கிறது. அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது என்று பயந்தாள் என்றால், அவளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள் என்று அர்த்தம். அவள் படித்த பார்மசி படிப்பு என் மாவில் வந்தது.

ஆகவே அந்த வழியை நான் இன்றோடு மூடுகிறேன். மாப்பிள்ளை, வழக்கத்தை மீறி உங்களிடம் நேராகவே பேசுகிறேன். அச்சில் பேசுகிறேன், நடுவில் யாரும் நிறுத்த முடியாது. கடையில் உங்கள் விரல் பிளாஸ்டிக்கின் மேல் இருந்தது, என் விரல் ஸ்டீலின் மேல் இருந்தது. நான் என் விரலை எடுத்தது உங்கள் மரியாதைக்காக. அந்த மரியாதையை எடுத்து என்னையே முட்டாளாக்கிக் காட்ட உங்களுக்கு உரிமை இல்லை. சாட்சி வேண்டுமென்றால் தாடிக்காரரைக் கேளுங்கள்.

வீடியோவை அழிக்க வேண்டாம், நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக இருப்பதெல்லாம் என்னுடையது. அதன் ஆரம்பத்தில், உங்கள் பெயர் வருவதற்கு முன்னால், மூன்று வாக்கியம் சேர்க்க வேண்டும். இந்த ஸ்டீல் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தவர் மாமனார். நக சோதனையைக் கண்டுபிடித்தவர் மாமனார். பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்தது மாப்பிள்ளை. பிளசன்டனுக்கும் அதை அனுப்பி வைக்க வேண்டும், சம்பந்தி முழுதாகப் பார்க்க வேண்டும். அதுவரைக்கும் ஸ்டீல் துப்பாக்கி என் பெட்டகத்தில் இருக்கும். வரும் சனிக்கிழமை கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.

அந்த மூன்று வாக்கியத்தையும் நீங்கள் சொல்ல வேண்டாம். கேமராவுக்குப் பின்னால் நின்று சிரித்தாளே என் மகள், அவள் முன்னால் வந்து உட்கார்ந்து சொல்லட்டும். சிரிக்காமல் சொல்லட்டும்.